எச்டிஎம்எல் நிரலைப் பதிவில் அப்படியே காட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை சாயங்காலங்களில் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் சின்ன வகுப்பு எடுக்கிறேன். சொந்தமாக வலைப்பதிவு வைத்திருக்கிறவர்களுக்கானது. தமிழாசிரியர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் என்று கலவையான கூட்டம். கற்றுக்கொண்டதைப் பதிவாக எழுத உட்காரும்போது எல்லாரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள்: வாசகர் படிக்கட்டும் என்று எச்டிஎம்எல் (வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழி) நிரலைப் போட்டால், அது கண்ணில் படாமல் வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு பதில் அனுப்பிச் சலித்துப்போய்த்தான் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு முன்குறிப்பு. டேக் (< > குறிகளுக்குள் எழுதும் கட்டளை) பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்பாக எழுதியிருக்கிறேன். <பி>, <ப்ரீ>, <கோட்> என்று இருந்தால், உங்கள் பதிவில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இப்படித் தமிழில் எழுத முடிவதற்கே ஒரு காரணம் உண்டு. அது கீழே வரும்.

"தடித்த எழுத்துக்கு <பி> போட வேண்டும்" என்று எழுதினேன். அந்த <பி> காணாமல் போய் மிச்ச வரி முழுக்கத் தடித்துவிட்டது. ஏன்?

உலாவியைப் பொறுத்தவரை < என்பது மற்ற எழுத்துகளைப் போல ஓர் எழுத்து இல்லை. "இங்கே ஒரு கட்டளை தொடங்குகிறது" என்ற சைகை அது. அதை அடுத்து ஓர் ஆங்கில எழுத்து வந்தால் போதும், அடுத்த > வரை உள்ளதை உலாவி தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் வாசகரிடம் பேசுகிறீர்களா, தன்னிடம் பேசுகிறீர்களா என்று பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. <பி> என்றால் தடித்துக் காட்டு, காட்டிவிட்டது. அதன் கணக்கில் தப்பே நடக்கவில்லை.

சரி, என்னதான் செய்வது?

மூன்றே மூன்று குறிகளை மாற்றி எழுத வேண்டும். < வரும் இடத்தில் &#60; என்றும், > வரும் இடத்தில் &#62; என்றும், & வரும் இடத்தில் &#38; என்றும் தட்டுங்கள். உலாவி &#60; என்பதைப் பார்த்தால் "60ஆம் எண்ணுக்குரிய எழுத்தைத் திரையில் வரை" என்று புரிந்துகொள்ளும். வரைவதோடு சரி, அதைக் கட்டளையாக எடுக்காது.

60, 62, 38 எல்லாம் யாரோ வசதிக்கு வைத்த எண்கள் இல்லை. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்க 1963இல் வந்த ஆஸ்கி அட்டவணையின் வழியில் வருகிறவை. யூனிகோடும் அதே எண்களை வைத்துக்கொண்டது. எண்ணுக்குப் பதிலாகப் பெயரும் உண்டு. < குறிக்கு ஆம்பர்சண்ட் (&), எல், டி, அரைப்புள்ளி (;). "லெஸ் தேன்" என்பதன் சுருக்கம். > குறிக்கு ஜி, டி. & குறிக்கு ஏ, எம், பி. பெரும்பாலான பாடங்களில் பெயர்தான் இருக்கும், ஆங்கிலத்தில் தட்டுகிறவர்களுக்கு அது சுலபம். தமிழ் விசைப்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் நமக்கு எண் முறை கொஞ்சம் தேவலை என்பது என் கட்சி.

கண்டிப்பாகச் சொன்னால் > குறியை மாற்றாமல் விட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நான் மாற்றிவிடுவேன். ஒன்றை மாற்றி இன்னொன்றை விட்டால், ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது நமக்கே குழம்பும்.

&#60; தட்டினேன். < வந்தது, ஆனால் அதன் வாலில் ஒரு "ந" ஒட்டிக்கொண்டு வருகிறது!

தமிழ்99 விசைப்பலகையில் தட்டியிருப்பீர்கள். அதில் அரைப்புள்ளி விசையில் உட்கார்ந்திருப்பது ந. நீங்கள் அரைப்புள்ளி என்று நினைத்துத் தட்டியது "&#60ந" என்று பதிவாகியிருக்கும். அரைப்புள்ளி இல்லாவிட்டாலும் உலாவி பெருந்தன்மையாக 60ஐப் புரிந்துகொண்டு < வரைந்துவிடும். ந மட்டும் அநாதையாக நிற்கும். வகுப்பில் முதல் வாரமே பாதிப் பேருக்கு இது நடக்கும். எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு முழுப் பதிவில் ஒவ்வொரு டேக்கிலும் ஒரு ந. நகரம், நாடு, நதி என்று ஏதோ புதிர்ப்போட்டி மாதிரி இருந்தது.

இதே கதைதான் சாய்கோட்டுக்கும். தமிழ்99இல் அந்த விசை ழ. மூடும் டேக்கில் </ என்று தட்டினால் <ழ என்று வரும். ஒற்றை மேற்கோள் விசை ய. ஆகவே நிரல் பகுதிக்கு வந்ததும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். எண் முறையில் எழுதினாலும் கடைசி அரைப்புள்ளிக்காக மாற்றித்தான் ஆக வேண்டும்.

நீளமான நிரல். ஒவ்வொரு குறியாக உட்கார்ந்து மாற்ற வேண்டுமா?

வேண்டாம். நோட்பேடு போன்ற எதிலாவது ஒட்டி, "தேடி மாற்று" வசதியில் மூன்று முறை மாற்றினால் முடிந்தது. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் &, அப்புறம் <, கடைசியில் >.

மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? முதலில் < எல்லாவற்றையும் &#60; ஆக்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நிரலில் புதிதாக நிறைய & வந்துவிட்டது. அடுத்து & எல்லாவற்றையும் &#38; ஆக்கினால், நீங்கள் சற்றுமுன் எழுதிய &#60; எல்லாம் &#38;#60; ஆகிவிடும். பதிவைத் திறக்கும் வாசகர் < குறியைப் பார்க்க மாட்டார், &#60; என்ற ஐந்து எழுத்துக் கூட்டத்தை அப்படியே பார்ப்பார். திரையில் இந்த எண்கள் எண்களாகவே தெரிகின்றன என்று யாராவது புலம்பினால் பத்தில் ஒன்பது முறை காரணம் இதுதான்: ஒரு முறை மாற்ற வேண்டியதை இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள்.

<ப்ரீ>, <கோட்> டேக்குகளுக்குள் போட்டால் போதும் என்று நண்பர் சொன்னாரே?

நண்பர் பாதி சரி. இந்த இரண்டும் நிரலுக்காக ஏற்பட்டவைதான், ஆனால் அவை செய்யும் வேலை வேறு. <ப்ரீ> என்பது இடைவெளிகளையும் வரி முறிவுகளையும் நீங்கள் தட்டியபடியே வைத்திருக்கும். சாதாரணமாக உலாவி பத்து இடைவெளியைப் பார்த்தாலும் ஒன்றாகச் சுருக்கிவிடும்; <ப்ரீ> அதைத் தடுக்கும். <கோட்> "இது நிரல்" என்று அடையாளம் சொல்லி, சம அகல எழுத்துருவில் காட்டும். இரண்டுமே உள்ளே இருக்கும் டேக்குகளை முடக்காது. <ப்ரீ>க்குள் <பி> போட்டாலும் அது தடிக்கத்தான் செய்யும்.

எனவே முதலில் குறிகளை மாற்றுங்கள். பிறகு அதை <ப்ரீ>க்குள் <கோட்> என்று அடுக்கி வையுங்கள். வாக்கியத்துக்கு நடுவே ஒரு சொல் மட்டும் நிரலாக வந்தால் <கோட்> தனியாகப் போதும்.

<ப்ரீ> எழுதிவிட்டு அடுத்த வரியில் நிரலைத் தொடங்கினால் மேலே ஒரு வெற்று வரி வருமோ என்று பயப்பட வேண்டாம். தொடக்க டேக்கை ஒட்டி வரும் முதல் வரி முறிவை உலாவி கணக்கில் எடுப்பதில்லை. கடைசி வரிக்குக் கீழே கூடுதலாக விட்டால்தான் தெரியும்.

நான் எதையுமே மாற்றவில்லை. தட்டியது அப்படியே தெரிகிறது. எனக்கு மட்டும் எப்படி?

நீங்கள் எந்தச் சன்னலில் தட்டினீர்கள் என்பதில் இருக்கிறது விஷயம். பிளாகரில் இரண்டு காட்சிகள் உண்டு. சாதாரணமாக எழுதும் காட்சியில் < தட்டினால், "இவர் எழுத்தாகத்தான் கேட்கிறார்" என்று எடிட்டரே பின்னால் மாற்றிக்கொள்ளும். எச்டிஎம்எல் காட்சிக்குப் போய்த் தட்டினால், நீங்கள் உலாவியிடம் நேரடியாகப் பேசுகிறீர்கள். அங்கே மாற்றும் பொறுப்பு உங்களுடையது.

வேர்ட்பிரஸ்ஸில் இப்போதைய எடிட்டர் என்றால் வேலை இன்னும் சுலபம். "கோட்" என்று ஒரு பிளாக் இருக்கிறது. அதைச் சேர்த்து நிரலை ஒட்டினால் மூன்று குறிகளையும் அதுவே பார்த்துக்கொள்ளும். "கஸ்டம் எச்டிஎம்எல்" என்ற பிளாக் இதற்கு நேர் எதிர்: அதில் ஒட்டினால் நிரல் ஓடும். இரண்டின் பெயரையும் பார்த்து ஏமாந்தவர்கள் அதிகம். மார்க்டவுனில் எழுதுகிறவர்கள் மூன்று பின்சாய்வு மேற்கோள்களுக்கு (```) நடுவே நிரலைப் போட்டால் போதும், மாற்றவே கூடாது. மாற்றினால் மேலே சொன்ன இரட்டை மாற்றம் வந்து நிற்கும்.

எந்தச் சேவையாக இருந்தாலும், பெரிய நிரலை ஒட்டுவதற்கு முன் ஒரே ஒரு <பி> தட்டி முன்னோட்டம் பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

வெளியிட்டபோது ஒழுங்காக இருந்தது. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தேன், நிரல் பாதி காணோம்.

எனக்கு மிக எரிச்சல் தருவது இதுதான். சில எடிட்டர்களில் எழுதும் காட்சிக்கும் எச்டிஎம்எல் காட்சிக்கும் மாறி மாறித் தாவினால், அவை &#60; என்பதை மறுபடி < ஆக்கிவிடும். நீங்கள் கவனிக்காமல் சேமிப்பீர்கள். அடுத்த முறை திறக்கும்போது அது நிஜ டேக். வேர்ட்பிரஸ்ஸின் பழைய எடிட்டரில் இப்படிப் பட்டவர்கள் ஏராளம்.

நிரல் உள்ள பதிவை ஒரே காட்சியில் எழுதி, அதே காட்சியில்தான் திருத்த வேண்டும். மாற்றாத மூல நிரலைக் கணினியில் தனிக் கோப்பாக வைத்திருங்கள். ஒரு முழு இரவு வேலை போன பிறகுதான் எனக்கு அந்தப் பழக்கம் வந்தது.

மகளின் கணக்குப் பாடத்துக்காகப் பதிவு எழுதுகிறேன். 5 < 8 ஒழுங்காக வருகிறது. இயற்கணிதத்தில் ஏ<பி என்று ஆங்கில எழுத்தில் எழுதினால் மட்டும் வரி மாயமாகிறது.

அருமையான கேள்வி. எச்டிஎம்எல் விதிப்படி < குறியை ஒட்டி ஆங்கில எழுத்து வந்தால்தான் அது டேக்கின் தொடக்கம். இடைவெளியோ எண்ணோ வந்தால் உலாவி "ஏதோ தவறு, போகட்டும்" என்று < குறியை எழுத்தாகவே காட்டிவிடும். 5 < 8 பிழைத்தது அப்படித்தான். தொடக்கப்பள்ளிக் கணக்குவரை பிரச்சினை வராது. உயர்நிலைக்குப் போய் எண்களுக்குப் பதில் எழுத்துகள் வந்ததும் வம்பு தொடங்கும். அதிலும் உங்கள் துரதிர்ஷ்டம், பி என்பது தடித்த எழுத்துக்கான டேக்கும்கூட. அதற்குப் பின்னால் உள்ள சொற்களை எல்லாம் டேக்கின் பண்புகள் என்று நினைத்து விழுங்கிவிட்டு, அடுத்த பத்தியிலிருந்து எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் காட்டும்.

நான் இந்தப் பக்கத்தில் <பி> என்று தமிழில் எழுத முடிவதும் இதே விதியால்தான். தமிழ் எழுத்தில் டேக் தொடங்க முடியாது என்பதால் உலாவி அதை வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. ஆனால் இதை நம்பிக் காலத்தை ஓட்டாதீர்கள். மூடும் டேக்கில் சாய்கோட்டுக்குப் பின்னால் தமிழ் எழுத்து வந்தால், உலாவி அதைக் குறிப்புரையாக (வாசகருக்குக் காட்டாத குறிப்பு) நினைத்து மொத்தமாக மறைத்துவிடும். திறப்பது தெரியும், மூடுவது தெரியாது. பிஎச்பி நிரல் <? என்று தொடங்குவதால் அதுவும் இப்படியே மறைந்துபோகும். "நான் ஒட்டிய பிஎச்பி ஓடவும் இல்லை, தெரியவும் இல்லை" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

<எக்ஸ்எம்பி> என்று ஒரு டேக் இருக்கிறதாமே? எதையும் மாற்றாமலே எல்லாம் தெரியுமாம்.

இருக்கிறது, வேலையும் செய்கிறது. வலையின் ஆரம்ப நாட்களில் இதற்கென்றே உண்டான டேக் அது. 1997இல் வந்த எச்டிஎம்எல் 4 அதைக் காலாவதிப் பட்டியலில் சேர்த்து, <ப்ரீ>ஐப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. உலாவிகள் பழைய பக்கங்களுக்காக இன்னும் மதித்து வருகின்றன. புதிதாக எழுதும் பதிவுக்கு அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை; பல எடிட்டர்கள் அந்த டேக்கையே கழற்றி எறிந்துவிடும்.

<டெக்ஸ்ட்ஏரியா>வில் போடும் வழக்கமும் உண்டு, "இதை நகலெடுங்கள்" என்று ஒரு பெட்டியில். டேக்குகள் அதற்குள் ஓடாது என்பது உண்மை. ஆனால் அது வாசகர் தட்டுவதற்கான பெட்டி, கைப்பேசியில் தொட்டால் விசைப்பலகை துள்ளி எழும்.

வேறு குறுக்குவழி? ＜ என்று முழு அகலக் குறி போட்டால்?

பார்க்க அழகாக இருக்கும். நகலெடுத்து ஒட்டிய வாசகருக்கு எதுவும் வேலை செய்யாது, காரணமும் புரியாது. வேண்டாம்.

திரையைப் படம் பிடித்துப் போட்டுவிடலாமே?

நிரலைப் படமாகப் போட்டால் நகலெடுக்க முடியாது, தேடுபொறியில் கிடைக்காது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதை வாசிக்காது. முடிவு எப்படித் தெரியும் என்று காட்ட மட்டும் படம் போடுங்கள்.

வாசகர் என் நிரலை நகலெடுத்து ஓட்டினால் பிழை வருகிறது. குறிகள் எல்லாம் சரியாகத்தான் தெரிகின்றன.

மேற்கோள் குறிகளைப் பாருங்கள். நிரலுக்கு வேண்டியது நேரான " குறி. எழுத்தழகுக்காகப் பல எடிட்டர்கள் அதை “ ” என்று வளைத்துவிடும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. உலாவிக்கு வளைந்தது மேற்கோளே இல்லை. வேர்ட்பிரஸ் <ப்ரீ>, <கோட்> இரண்டுக்குள்ளும் வளைப்பதில்லை, வெளியே வளைக்கும். நிரலை அவற்றுக்குள் போடச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

எம்ஆர்டியில் போகும்போது ஐபோனில் பதிவு எழுதுகிறவர்கள் வேறு இடத்திலும் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் ஜெனரல், கீபோர்டு என்று போய் "ஸ்மார்ட் பங்ச்சுவேஷன்" என்பதை அணைத்துவிடுங்கள். அது இரண்டு சிறுகோடுகளை ஒரு நீளக் கோடாகவும் மாற்றும். எச்டிஎம்எல் குறிப்புரையின் தொடக்கக் குறியிலும் முடிவுக் குறியிலும் இரண்டு சிறுகோடு உண்டு என்பதால் அதுவும் கெட்டுப்போகும்.

கைப்பேசியில் நிரல் திரையைத் தாண்டி ஓடுகிறது.

<ப்ரீ> வரியை மடிக்காது, அதுதான் அதன் குணம். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் அதற்கு "ஓவர்ஃப்ளோ-எக்ஸ்" என்பதை "ஆட்டோ" என்று வைத்தால் நிரல் பெட்டி மட்டும் பக்கவாட்டில் நகரும். மடித்தே காட்ட விரும்பினால் "ஒயிட்-ஸ்பேஸ்" என்பதை "ப்ரீ-ராப்" என்று வையுங்கள். எச்டிஎம்எல்லுக்கு மடித்தாலும் பாதகமில்லை. பைத்தான் போன்று உள்தள்ளலுக்கு அர்த்தம் உள்ள மொழிக்கு மடிக்காமல் விடுவது நல்லது.

நிரலுக்குள் தமிழில் குறிப்பு எழுதும்போது, நெடுக்கில் ஒரே நேராக வரிசைப்படுத்த முயலாதீர்கள். "மௌ" எடுத்துக்கொள்ளும் இடமும் "ர" எடுத்துக்கொள்ளும் இடமும் ஒன்றாக வராது. இடைவெளி தட்டித் தட்டி உங்கள் கணினியில் நேராக்கினாலும் வாசகரின் திரையில் கோணிக்கொள்ளும்.

வண்ணத்தில் காட்டும் பிரிசம், ஹைலைட் போன்றவற்றைச் சேர்த்தால் குறிகளை மாற்ற வேண்டியதில்லையா?

மாற்றத்தான் வேண்டும். அவை சாயம் பூசும் கருவிகள். பக்கத்தை உலாவி படித்து முடித்த பிறகுதான் அவற்றின் வேலை தொடங்கும். அதற்குள் மாற்றாத டேக்குகள் ஓடி முடிந்திருக்கும்.

மாற்ற மறந்துவிட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதானே?

<பி> என்றால் அவ்வளவுதான். <ஸ்கிரிப்ட்> என்றால் வேறு கதை. நீங்கள் உதாரணத்துக்குக் காட்ட நினைத்த ஜாவாஸ்கிரிப்ட், பதிவைத் திறக்கும் ஒவ்வொரு வாசகரின் கணினியிலும் ஓடும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் "ஸாமி" என்ற நிரல் ஒரு சுயவிவரப் பக்கத்தில் நுழைக்கப்பட்டது. பார்த்தவர்களின் பக்கத்திலெல்லாம் தன்னை ஒட்டிக்கொண்டு ஒரே நாளுக்குள் 10 லட்சம் பேரைத் தொட்டுவிட்டது. தளம் வடிகட்டத் தவறிய ஓர் ஓட்டை வழியாக, எழுத்தாகக் கிடக்க வேண்டியது கட்டளையாக ஓடியதன் விளைவு. உங்கள் பதிவில் மற்றவர்கள் கருத்து எழுத இடம் கொடுத்திருந்தால், அங்கேயும் இந்தக் குறிகள் மாற்றப்படுகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

மொழிபெயர்ப்பு பட்டனை அழுத்திப் படிக்கும் என் சீன நண்பருக்கு நிரலும் சேர்ந்து மொழிபெயர்ந்துவிட்டது.

நான்கு மொழி ஊரில் இது வரத்தான் செய்யும். <ப்ரீ> டேக்கில் "டிரான்ஸ்லேட்" என்ற பண்புக்கு "நோ" என்று கொடுங்கள். கூகுள் மொழிபெயர்ப்பு அந்தப் பகுதியைத் தொடாது.

என் பழைய பதிவுகளில் தமிழே &#2980;&#2990;&#3007;&#2996;&#3021; என்று தெரிகிறது. இதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

அதே சங்கதிதான். அந்த ஐந்து எண்களும் சேர்ந்தால் "தமிழ்": த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. தமிழ் எழுத்தைத் தாங்காத குறியேற்றத்தில் இருந்த ஒரு படிவத்தில் நீங்கள் யூனிகோடு தமிழைத் தட்டியபோது, உலாவி ஒவ்வோர் எழுத்தையும் இப்படி எண்ணாக்கி அனுப்பியிருக்கும். அப்படியே விட்டிருந்தால் தமிழாகவே தெரிந்திருக்கும். பின்னால் பதிவை வேறு இடத்துக்கு மாற்றும்போது யாரோ, அல்லது எதுவோ, & குறிகளை இன்னொரு முறை மாற்றிவிட்டது. மூலத்தைத் திறந்து &#38;#2980; என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் "#38;" என்ற துண்டை மட்டும் தேடி நீக்குங்கள், தமிழ் திரும்பி வரும். ஆனால் நிரல் உதாரணங்கள் உள்ள பதிவில் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள், அங்கே அது வேண்டுமென்றே போட்டதாக இருக்கலாம்.

அந்தக் காலத்துக்கு இதுவே முன்னேற்றம். நம்மூர் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றியபோதும், 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியபோதும், எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் வேறு. படிக்கிறவரிடம் அதே எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். எண்ணாகவாவது தெரிந்தால் மீட்டுவிடலாம்.

கடைசியாக ஒன்று. < குறியைக் காட்ட &#60; தட்டுகிறோம். அந்த &#60; என்பதையே வாசகருக்குக் காட்ட வேண்டுமானால்?

&#38;#60; என்று தட்ட வேண்டும். அப்படியானால் இந்த வரியில் &#38;#60; என்று காட்ட நான் என்ன தட்டியிருப்பேன்? &#38;#38;#60; என்று. போன வாரம் வகுப்பில் ஒரு மாணவி, "அதைக் காட்டணும்னா?" என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு படிக்கும் ஒரு #38; கூடும், அவ்வளவுதான். ஏழாவது படியில் காவலர் வந்து விளக்கை அணைத்துவிட்டார்.